ஒற்று மிகும் இடம்

கேனரிக் குஞ்சுகள் பொரித்து நாலு நாள்தான் ஆகிறது. மசித்த முட்டையையும் விதை நீக்கிய ஆப்பிளையும் தாய்க்குருவிக்கு வைக்கப் போனாள் மனைவி.

“நிறுத்து!” என்று நுழைந்தார், அச்சகத்தில் பிழை திருத்தும் கணவர். “பறவை டாக்டரோட நோட்டீஸை இன்னிக்குத் திருத்தினதே நான்தான். ‘வெண்ணெய், பழம் உயிருக்கு ஆபத்து.’”

“ஆப்பிள் கொடுக்கச் சொன்னதே அவர்தானேங்க?”

“எழுத்துல இருக்கிறதுதான் சட்டம். இந்தா, அவகாடோ! காய்கறிக் கடையில வாங்கினது, அதனால இது காய். பேரைச் சொல்லவே ஒரு தகுதி வேணும்.”

அதைப் பிளந்துகொண்டு அவர் கூண்டுக் கதவைத் தொட, அவள் குறுக்கே நின்றாள்.

“டாக்டர் அப்படியேவா எழுதியிருந்தார்?”

“ரெண்டு சொல்லையும் ஒட்டி, நடுவுல ஒரு ‘ப்’ போட்டிருந்தார். இங்க ஒற்று மிகாதுன்னு அடிச்சு, காற்புள்ளி வச்சேன். இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்!”

“வெண்ணெய்ப்பழம்னா ஒரே பழம்ங்க. இப்ப உங்க கையில இருக்கே, அதோட தமிழ்ப் பேரு.”

அவளே அச்சகத்துக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தாள். “மெஷின் ஓடுறதுக்குள்ள அந்த ‘ப்’பைத் திரும்பப் போடச் சொல்லுங்க.”

“ஹலோ, ஹலோ” என்றது போன். அவள் கூண்டுக்குள் வைத்த மசித்த முட்டையைத் தாய்க்குருவி கொத்திப் போக, நாலு குஞ்சுகளும் ‘ஆ’வென்று வாயைத் திறந்தன. வீட்டில் மூடியிருந்த வாய் ஒன்றே ஒன்றுதான்.