மூன்றே விநாடி

“அவன் யாருன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போட்ட கூச்சலில் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. “நான் வீட்டைவிட்டுக் கிளம்புற நாளாப் பாத்துத்தான் வர்றான். நான் காய்ச்சல்ல படுத்திருந்த ரெண்டு வாரமும் எட்டிக்கூடப் பாக்கல!”

எதிர்வீட்டு அம்மாள் உலர்ந்த துண்டையே நான்காவது முறையாக உதறினார். பாவம், பெண்டாட்டி மேல் சந்தேகம் போலிருக்கிறது என்று தெரு ஒருமனதாக முடிவு கட்டியது.

தெருவுக்கு ஏமாற்றம். விஷயம் வெறும் சைக்கிள்.

ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மலைச்சாலையில் பதினொரு வளைவுகள். கடைசி மூன்றும் சுவரில் பல்லி ஏறுகிற மாதிரிதான். யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார்கள் என்று செல்போனில் ஒரு பட்டியல் வரும்; செல்போனோ வாட்ச்சோ, கூடக் கொண்டுபோகிற கருவியே நேரத்தைப் பதிந்து அனுப்பிவிடும். நான்கு வருடமாக அதில் கடைக்காரர்தான் முதல். கடைக்கு வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பதே அந்தப் பட்டியலைக் காட்டித்தான்.

மூன்று மாதமாக அவர் இரண்டாவது. முதலிடத்தில் எவனோ ஒருவன். முகம் கிடையாது, புனைபெயர் மட்டும். இவர் உயிரைக் கொடுத்து ஆறு விநாடி குறைத்தால், அன்றைக்கே அவனும் ஆறு குறைத்திருப்பான். எப்போதும் மூன்றே விநாடி முன்னால்.

அவனுக்காகவே எடை குறைந்த சக்கரம் வாங்கினார். மீசையை எடுத்தார், காற்றுக்குத் தடையாம். அந்தப் பெயரைச் சொல்ல மட்டும் நாக்கு கூசியது. வீட்டிலும் கடையிலும் வெறும் ‘அவன்’தான்.

இப்போது அவர் நின்றுகொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் வாசலில். பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் சேர்ந்து மலையேறுகிறவர்கள். சேர்ந்து என்றால், இவர் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது டாக்டர் ஐந்தாவது வளைவில் நின்று இயற்கையை ரசித்துக்கொண்டிருப்பார்.

“நீதான்யா அவன்! என்கூட வரும்போது மூச்சு வாங்குற மாதிரி நடிக்கிறே. அப்புறம் ஸ்கூட்டர்ல ஏறிப் போய் நேரத்தைப் பதியுறே!”

“யோவ், ஸ்கூட்டர்ல போனா மூணு விநாடிதான் குறையுமா? மூளையை மலைமேலயே வச்சிட்டு வந்துட்டியா?”

“பொறாமைய்யா உனக்கு!”

“எனக்கா?” டாக்டர் அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். மூன்று மாதத்துக்கு முன் கல்யாண நாளுக்கு மனைவி வாங்கிக் கட்டிவிட்ட வாட்ச்சில் நாடித்துடிப்பு நூற்று நாற்பது என்று மின்னியது. “முதல்ல உக்காரு. ஏதாவது ஆகிடப் போகுது.”

“கையை விடு. இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. சைக்கிளையும் வித்துடறேன். ஞாயித்துக்கிழமை நீ தனியாப் போய் ஜெயிச்சுக்கோ.”

டாக்டரின் முகம் வாடிவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவர், கேட்டைத் திறந்துகொண்டு கடைக்காரரின் மனைவி ஓடிவருவதைப் பார்த்து நிறுத்தினார்.

“என்னங்க இது? தெருவே வேடிக்கை பாக்குது!”

“நல்லவேளை வந்தே தங்கச்சி. எவனோ இவனை முந்திட்டானாம். அது நான்தானாம். பன்னெண்டு வருஷப் பழக்கத்துக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை!”

“மூணு மாசமாத் தூக்கத்துலகூட அவன் அவன்னு புலம்புறார். கேட்டா எரிஞ்சு விழறார். யாருண்ணே அது?”

டாக்டர் கடைக்காரரின் செல்போனைப் பிடுங்கி, பட்டியலின் உச்சியைப் படித்தார்.

“என்னமோ ‘மலைமுழுங்கி’யாம்.”

மனைவியின் கை சட்டென்று வாய்க்குப் போனது.

“ஐயையோ, அது உங்க வாட்ச்சுக்கு நான் வச்ச பேருங்க!”