பால்குடத்து ஞாயிறு

"காயம் பட்டா ரத்தம் உறையணும் ஆன்ட்டி, அது நல்லதுதான். இவங்களுக்குக் காயமே இல்லாம கால் ரத்தக்குழாய்ல உறைஞ்சிருக்கு. அந்தக் கட்டி மேல ஏறி நுரையீரலை அடைச்சிருச்சு," என்றார் டாக்டர்.

அஞ்சலை தலையை ஆட்டினாள். மகள் லோஷினி வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். அழுகை வரவில்லை. தைக்கக் கொடுத்த மஞ்சள் ரவிக்கையை இன்றைக்கு வாங்க வேண்டுமே என்றுதான் நினைப்பு ஓடியது.

"கால் வலிக்குதும்மான்னு சொன்னா டாக்டர். தெப்ராவ்லேர்ந்து டெய்லி பார்டர் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு பஸ்ல நின்னுகிட்டே போறாளே, அதுனாலன்னு நெனச்சு தைலம் தேச்சு விட்டேன்."

"குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, ஹார்மோன் மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாங்களா? சில பேருக்கு அதுனாலயும் உறையும்."

"ஐயோ, கல்யாணம் ஆகாத பிள்ளை டாக்டர்!"

டாக்டர் நகர்ந்ததும் கைப்பேசி அடித்தது. கோயில் செயலாளர் ஹேமநாதன்.

"கேள்விப்பட்டேங்கா, மனசே சரியில்ல. ஞாயித்துக்கிழமை பால்குடத்துல தங்கச்சி லோஷினி பேரோட உங்க பேரையும் எடுத்துர்றேன். சாவுத் தீட்டுலா... கோவிச்சுக்காதீங்க."

"சரி தம்பி."

கைப்பேசியை வைக்கக் கைப்பையைத் திறந்தாள். பால்குடத்தன்று மகளுக்கு மாதவிலக்கு வந்து தீட்டாகிவிடக் கூடாதென்று, அதைத் தள்ளிப்போட பார்மசியில் அஞ்சலையே கேட்டு வாங்கிய மாத்திரை அட்டை உள்ளே இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்ற பிள்ளைக்குத் தினமும் தன் கையாலேயே கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்குமான மாத்திரைகள் அதில் மிச்சமிருந்தன.