கத்தரி இலையில் ஒரு ஓட்டை

கத்தரி இலைக்குள் காவல் வேலை கால்சியத்துக்கு. எதிரி இலையைத் தொட்டால் கால்சியம் ஓடிப்போய் இலைக்குள்ளேயே இருக்கும் நெருப்பிடம் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தை நெருப்பு எரித்துவிடும். நெருப்புக்குக் கண் கிடையாது.

அன்று காலை இலைமேல் ஏதோ சொட்டென்று விழுந்தது. கால்சியம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பூஞ்சை வந்துடுச்சு, எரிடா தம்பி!" என்று அலறியது. நெருப்பு பாய்ந்ததில், அங்கே குடியிருந்த பச்சைச் செல்கள் அத்தனையும் கருகிப்போயின.

சூடு தணிந்ததும் கால்சியம் போய்ப் பார்த்தது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு மழைத்துளி முழித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை பூஞ்சை செத்துச்சு அண்ணே?" என்று ஆவலாய்க் கேட்டது நெருப்பு.

"எல்லாம்" என்றது கால்சியம்.

"நீங்க இல்லேன்னா இலையே போயிருக்கும் அண்ணே!"

தப்பிய செல்களெல்லாம் கைதட்டின. கால்சியம் குனிந்த தலை நிமிரவில்லை.

என்ன அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் சேர்த்துக் கைதட்டின.