மாப்பிள்ளைக்கு ஊற்றிய ரூகே

செலஸ்தீனோ பாட்டிலைத் திறந்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, "ரோஜாத் தோட்டம்" என்றார். உண்மையில் அவருக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. போன குளிர்காலத்துக் காய்ச்சலோடு போன மோப்பம், காய்ச்சல் விட்ட பிறகும் திரும்பி வரவில்லை.

இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை, மகள் இர்மாவிடம்கூட. மூக்குப் போனவன் போட்ட ஒயினைக் காஸ்தான்யோலேயில் எவன் வாங்குவான்?

மேசைக்கு எதிரே மாப்பிள்ளை ரெமிஜியோ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அஸ்தி நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் குடும்பம். பக்கத்தில் கல்யாணத் தரகர் பத்திஸ்தா, இர்மா செய்த ஹேசல்நட் கேக்கில் மூன்றாவது துண்டில் இருந்தார்.

பெண் கேட்டு வந்தவனுக்கு வாயால் பதில் சொல்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ரோஜா மணக்கிற ரூகே ஒயினை ஊற்றினால் சம்மதம். தினமும் சாப்பாட்டோடு குடிக்கிற பார்பெராவை ஊற்றினால், கேக்கைத் தின்றுவிட்டு நல்லபடியாகப் போய்ச் சேர் என்று அர்த்தம். எதை ஊற்றினாலும் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

இதற்கு முன் வந்த இரண்டு பேருக்கும் செலஸ்தீனோ ரூகே என்றே தாராளமாக ஊற்றினார். இரண்டு பேரும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொப்பியைத் தேடினார்கள். இர்மாவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இவனும் போனால் பத்திஸ்தா இந்த மேட்டில் மறுபடி ஏறமாட்டார்.

இர்மா நிலவறையிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்த பாட்டிலை அவர் கோப்பையில் சரித்தார். நிறம் சற்றுக் கறுத்தாற்போலப் பட்டது. அந்த வருஷத்து வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார். ருசி பார்க்கவும் வழியில்லை. விருந்தாளிக்குத் திறந்த பாட்டிலில் வீட்டுக்காரர் பங்கு கேட்பதில்லை.

முற்றத்தில் எவாசியோ பம்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கோடையில் அவன் முதல் தடவை பழுது பார்க்க வந்தபோது, பாவம் வெயிலில் நிற்கிறானே என்று இர்மா ஒரு கோப்பை ஒயின் கொடுத்தாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் குடித்தான். அதற்குப் பிறகு அந்தப் பம்பு வாரம் தவறாமல் பழுதாகிறது.

"ரோஜா எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்றார் செலஸ்தீனோ.

ரெமிஜியோ முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். தரகரைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இருக்குங்க ஐயா."

"இன்னும் ஊத்தட்டுமா? கூச்சப்படாதீங்க."

"வேணாங்க. ஒரு வாயிலயே புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சா சந்தோஷம்" என்று செலஸ்தீனோ சிரித்தார். அவன் எழுந்து தொப்பியை எடுத்ததும் சிரிப்பு நின்றது.

வாசலில் தரகர் அவரை ஓரமாக இழுத்தார். "ஊத்துறதை ஊத்திட்டு, ரோஜா எப்படி இருக்குன்னு வேற கேக்குறீரே. உமக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா?"

"நல்லதைத்தானய்யா ஊத்தினேன்."

"ஆமாமா, ரொம்ப நல்லது." தரகர் நாலாவது துண்டைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

செலஸ்தீனோ திரும்பி வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். பீப்பாயில் இருந்த ரூகே முழுக்கப் புளித்துக் காடியாகிவிட்டிருக்க வேண்டும். வந்தவர்கள் எல்லாம் காடியைக் குடித்துவிட்டு மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இர்மா கோப்பைகளை எடுக்க வந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேம்மா. எனக்கு மூக்கு போயிடுச்சு. ரூகே கெட்டுப்போனதுகூடத் தெரியாம எல்லாருக்கும் ஊத்தி, உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன்."

"மூக்கு போனது எனக்கு ஈஸ்டருக்கு முன்னாடியே தெரியும்ப்பா" என்றாள் இர்மா, மேசையைத் துடைத்துக்கொண்டே. "பக்கத்து வீட்டு எருக்குழியைத் தோண்டினப்ப தெருவே கதவைச் சாத்திச்சு. நீங்க மட்டும் முற்றத்துல நாற்காலி போட்டு ரசிச்சுச் சாப்பிட்டீங்க."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே. காடியைக் கொண்டுவந்து குடுத்தியே."

"காடி இல்லப்பா. நல்ல பார்பெரா. நான்தான் நிரப்பினேன்."

செலஸ்தீனோ பாட்டிலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முற்றத்தில் பம்பைத் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"அப்ப நம்ம ரூகே?"

"அதைக் கோடையிலயே எவாசியோவுக்கு ஊத்திட்டேன்ப்பா."