இரண்டாம் அடி

“அவகூடப் பேசினியா—”

“ஒரு சொல் பேசலை. உங்க தலைமேல அடிச்ச சத்தியம் அப்படியே இருக்கு.”

“பின்னே ஒன்பது வருஷமா வெள்ளிக்கு வெள்ளி போனும் கையுமா என்னடி செஞ்சே?”

குமுதவல்லி பொத்தான்களை அழுத்திக் காட்டினாள். ஆறு, ஆறு, ஒன்பது, மூன்று. சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன மகள் செல்வமதி அந்த முனையில் தாலாட்டின் முதலடியைப் பொத்தான்களின் ஒலியில் வாசிப்பாள். தாய் இந்த முனையில் இரண்டாம் அடியை வாசித்துவிட்டு வைத்துவிடுவாள். காலையில் மருமகன் போன் செய்து மகளின் சாவுச்செய்தியைச் சொன்னபோதுதான் அந்த வெள்ளிக்கிழமைகள் கணவர் வைத்திலிங்கத்துக்குத் தெரியவந்தன.

அவர் ரிசீவரை அவள் கையில் திணித்தார். “என் தலை போனாப் போகுது. அவன்கிட்டயாவது பேசு.”

அவள் விரல் ஆறின்மேலேயே நின்றது.

“எனக்கு ரெண்டாவது அடிதாங்க வரும். முதலடியை இனி யாரு வாசிப்பா?”