தவறான பதிப்பு

கம்போங் ராஜா பாதையிலிருந்து கம்பெனிக்காரர்களின் கார் எஸ்டேட்டுக்குள் திரும்பியதைச் சன்னல் வழியாகப் பார்த்ததும், சாரதா தன் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

காலையில் தேயிலைக் கொழுந்து நிறையைப் பதிவது அவள் வேலை. யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். கொழுந்துக் கணக்குப் புரோகிராம் அவளுடையது. தூள் இருப்புப் புரோகிராம் இன்னொரு எழுத்தர் வேலப்பனுடையது. இரண்டையும் எழுதிக் கொடுத்தது ஈப்போவில் ஒரே கடை.

இரண்டும் ஓட வேண்டுமானால் கூடவே இன்னொரு கோப்பும் உள்ளே இருக்க வேண்டும். அதன் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அவளுக்கு வேண்டியது பழையது; அவனுக்கு வேண்டியது புதியது. ஒன்றைப் போட்டால் மற்றது அழிந்துவிடும். கடைசியாகப் போட்டவர் புரோகிராம் ஓடும், மற்றவருடையது படுத்துவிடும்.

வேலப்பன் தினமும் மாலையில் தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போவான். காலையில் அவள் சரிசெய்து முடிப்பதற்குள் எஸ்டேட் மேனேஜர் துரையிடம் போய் நிற்பான்.

"பொம்பளைக்கு மிஷினு வராது தொரை. எல்லாத்தையும் நாந்தான் பாத்துக்கிறேன்."

தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் நாற்காலி காலியாகியிருந்தது. இருவரில் ஒருவருக்குத்தான். கோலாலம்பூரிலிருந்து வரும் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்து இன்றைக்கு முடிவு செய்வார்கள்.

சரிசெய்ய வழி உண்டா என்று ஈப்போக் கடைக்காரனைப் போனில் கேட்டு வைத்திருந்தாள் சாரதா. கொஞ்ச நேர வேலை என்றான். அவள் செய்யவில்லை. இந்த நாளுக்காகப் பொறுத்திருந்தாள்.

துரை, கோலாலம்பூர்க்காரர்கள் இருவரோடு உள்ளே வந்தார். வேலப்பன் டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் புரோகிராமை ஓட்டிக் காட்டத் தட்டினான்.

பச்சை எழுத்தில் ஒரே வரி வந்தது. தவறான பதிப்பு.

மறுபடி தட்டினான். அதே வரி.

பைக்குள் கைவிட்டுத் துழாவினான். அவனுடைய டிஸ்க் இல்லை.

"ஓடுமா ஓடாதா லா?" என்றார் துரை.

"சாரதா, நீ எதையாச்சும் தொட்டியா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான் வேலப்பன்.

"நான் எங்க தொட்டேன்? எனக்குத்தான் மிஷினு வராதே."

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். வேலப்பன் எழுந்தான். அவள் உட்கார்ந்தாள்.

தன் கைப்பையிலிருந்து அவனுடைய டிஸ்கை எடுத்தாள். அவன் அதையே பார்த்தான்.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு தனி இடம் பிரித்தாள். ஒன்றில் தன் புரோகிராமும் பழைய கோப்பும். மற்றதில் அவன் புரோகிராமும் புதிய கோப்பும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினாள்.

"ஒரே எடத்துல கெடந்தா ஒண்ணு இன்னொண்ண அழிச்சிக்கிட்டே இருக்கும் தொரை. தனித்தனியா வச்சிட்டா தொல்லையில்ல."

கோலாலம்பூர்க்காரர்கள் தங்களுக்குள் பேசித் தலையாட்டினார்கள். துரை மேசை இழுப்பறையிலிருந்து பெரிய கிராணி வீட்டுச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சாமானுக்கு லோரி அனுப்புறேன். புருஷனும் பொஞ்சாதியும் எப்ப வர்றீங்க?" வேலப்பனைப் பார்த்தும் சிரித்தார்.

சாரதா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நான் இன்னிக்கே வந்துர்றேன் தொரை. வேலப்பன் பழைய வீட்டுலயே இருக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.