மாடிவீட்டுப் புகார்கள்

"மூணு மாசத்துல இருபத்தாறு புகார் எழுதியிருக்கேன். இப்பத்தான் மாடிப்படி கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

குன்வோரின் குரல் தெருக்கோடி வரை போயிருக்கும். மணி அடித்து அடித்து அலுத்துப்போய், திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மாலின், தலையைக் குனிந்தபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள்.

"முகத்தைப் பார்த்துப் பேசு" என்று அதற்கும் ஓர் அதட்டல் விழுந்தது.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் அந்தக் கட்டடத்தின் நிலவறையில் 'கரிக்கிடங்கு' என்ற இசை விடுதி நாற்பத்தோரு வருஷமாக நடக்கிறது. அதற்கு நேர் மேலே, தனியாக வசிக்கும் கிழவி குன்வோரின் வீடு. வெள்ளிக்கிழமை கச்சேரி நடந்தால் விடிந்ததும் நகராட்சிக்குப் புகார் போய்விடும், விடுதிக்கும் ஒரு நகல் வரும். பழைய மேலாளர் டோர்ஸ்டன் உடனே இலவங்கப்பட்டை பன் வாங்கிக்கொண்டு மேலே போவார். மன்னிப்புக் கேட்டு, காபி குடித்து, ஒரு மணி நேரம் கதை பேசிவிட்டுத்தான் இறங்குவார்.

அவர் ஓய்வு பெற்றதும் பொறுப்புக்கு வந்த மாலின், இதெல்லாம் வெட்டி வேலை என்று நிறுத்திவிட்டாள். பதிலுக்கு இரண்டு வரி வருத்தக் கடிதம் அனுப்பினாள். அன்றிலிருந்து ஒரு கச்சேரிக்கு இரண்டு புகார் வர ஆரம்பித்தது.

இப்போது அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் விடுதியை மூடச் சொல்கிறார்கள். ஆரம்ப நாளிலிருந்து வருஷம் தவறாமல் இசை நடந்ததற்கு ஆதாரம் கொடுத்தால் உரிமம் தப்பும். ஆனால் விடுதியின் காகிதங்கள் எல்லாம் நிலவறையில் தண்ணீர் புகுந்தபோதே கூழாகிவிட்டன. நகராட்சியிலும் பழைய புகார்களைக் கழித்துவிட்டார்களாம்.

"உங்க புகார் நகல் எல்லாம் இருக்கா?" என்று கேட்பதற்குள் மாலினுக்கு வியர்த்துவிட்டது. எதிரியிடமே போய் உயிர்ப்பிச்சை கேட்பதென்றால் சும்மாவா.

சமையலறையில் கெட்டில் வீல் வீலென்று அலறியது. குன்வோர் அசையவே இல்லை. இவ்வளவு கோபமா என்று பயந்துபோன மாலின், தானே எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அதற்குள் குன்வோர் அவள் கொண்டுவந்த பன் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். ஒன்றைத் தின்று முடித்துவிட்டு அலமாரியைத் திறந்தாள்.

நாற்பத்தோரு கோப்புகள். குழுவின் பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நகராட்சி முத்திரை. ஒவ்வொன்றின் கீழேயும் 'சகிக்க முடியாத இரைச்சல்' என்று அதே ஒரு வரி.

"எடுத்துட்டுப் போ. ஒரு தாள் குறையக் கூடாது."

இரண்டு வாரத்தில் உரிமம் வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக வரலாறு எழுதிவைத்த விடுதியைத் தான் பார்த்ததே இல்லை என்று நகராட்சி அதிகாரி பாராட்டினாராம். மாலின் பன்களோடு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். சந்தோஷத்தில் குன்வோரைக் கட்டிக்கொண்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களாலதான் பிழைச்சோம். பதிலுக்கு நாங்களும் ஒண்ணு செய்யறோம். கூரை முழுக்கச் சத்தத்தைத் தடுக்கிற பலகை அடிக்கப் போறோம். இனிமே நீங்க புகாரே எழுத வேண்டாம்."

வாய்வரை போன பன் அப்படியே நின்றது. குன்வோரின் முகம் வாடிவிட்டது.

"அப்போ சனிக்கிழமை காலையில யாரும் மேல வர மாட்டீங்களா?"

மாலினுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு இந்த இரைச்சல்..."

"வாசல்ல ஒட்டற நோட்டீஸைப் பார்த்துப் பேரை எழுதிக்குவேன். மேஜையில டம்ளர் தண்ணி நடுங்கறதைப் பார்த்து நேரம் குறிச்சுக்குவேன். மத்தபடி இரைச்சலைப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றாள் குன்வோர். "எனக்குத்தான் பன்னிரண்டு வயசுலேயே ரெண்டு காதும் போயிடுச்சே."